199க்கு அடுத்து 400 வருவது ஏன்?

கேள்வி: பவானி பக்கம் சின்னதாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கையால் சுற்றும் மெஷினில் இருந்த பழைய மெக்கானிக்கல் கவுண்டர் பல் தேய்ந்து போய்விட்டது. எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம் உண்டு என்பதால் நானே ஒரு டிஜிட்டல் கவுண்டர் செய்தேன். சுழலும் தட்டில் ஒரு காந்தம், அருகில் ரீட் சுவிட்ச் (காந்தம் கிட்டே வந்தால் மூடும் கண்ணாடிக் குழாய் சுவிட்ச்). எண்ணுவதற்கு மூன்று 74எல்எஸ்90, அந்த எண்ணை டிஸ்ப்ளேயில் எழுத மூன்று 74எல்எஸ்47, மூன்று எல்டி542 டிஸ்ப்ளே, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், அதை 5 வோல்ட் ஆக்க 7805 ரெகுலேட்டர். கிடைத்த படம் இரண்டு இலக்கத்துக்கானது. 99 எனக்குப் போதாது என்று மூன்றாவது இலக்கத்தை நானே சேர்த்தேன். இரண்டு இலக்கமாக இருந்தவரை ஓரளவு ஓடியது. இப்போது ஒரு சுற்றுக்குச் சில நேரம் 1, சில நேரம் 3, 4 ஏறுகிறது. 199 முடிந்ததும் 200 வராமல் 400 வருகிறது. பிறகு 500, 800, 900, அப்புறம் நூறாம் இடத்தில் கிண்ணம் மாதிரி ஒரு கோடு, இன்னொரு புரியாத கோடு, அதன்பின் 200, 300. பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் போட்டால் எண் தாவுகிறது, சில சமயம் 000 ஆகிவிடுகிறது. 6க்குத் தலை இல்லை, 9க்கு வால் இல்லை. 7805 தொட முடியாத சூடு. ஐ.சி.க்களை இரண்டு முறை மாற்றினேன், டிஸ்ப்ளேயும் புதிதாக மூன்று வாங்கினேன். நண்பர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆர்டுயினோ (புரோகிராம் போட்டு ஓட்டும் சின்ன போர்டு) வைக்கச் சொல்கிறார். ரீசெட் காலில் மல்டிமீட்டர் 1.1 வோல்ட் காட்டுகிறது. டிஸ்ப்ளேக்கு 330 ஓமுக்குப் பதில் 100 ஓம் போட்டிருக்கிறேன், கடையில் வெளிச்சம் அதிகம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், இனி ஐ.சி. வாங்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஆறு சில்லுகளும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று கடிதத்தை வைத்தே என்னால் சொல்ல முடிகிறது. நூறாம் இடத்தில் வந்த எண்களை வரிசை மாறாமல் எழுதி அனுப்பினீர்களே, அது பெரிய உதவி. பெரும்பாலான கடிதங்களில் ‘டிஸ்ப்ளே தப்பாகக் காட்டுகிறது’ என்பதோடு முடிந்துவிடும். எப்படித் தப்பு என்பதில்தான் பதில் இருக்கிறது.

எண் காட்டும் சர்க்யூட்டைப் பழுது பார்ப்பவருக்கு ஒரு வசதி உண்டு. ரேடியோவோ ஆம்ப்ளிஃபையரோ கெட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக் கருவி வேண்டும். கவுண்டருக்கு அந்தக் கருவி முகத்திலேயே ஒட்டியிருக்கிறது. சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: தப்பு ஒவ்வொரு முறையும் அதே தப்பா, இல்லை ஆளுக்கு ஆள் மாறும் சாட்சி மாதிரி ஒவ்வொரு தடவையும் வேறு வேறா? அச்சுப் பிசகாமல் அதே தப்பு வந்தால் கம்பி இடம் மாறியிருக்கிறது. மாறி மாறி வந்தால் கம்பிகள் சரி. அதில் வரும் சிக்னலோ சப்ளையோ ஆடுகிறது.

இப்போது உங்கள் புகார்களைப் பாருங்கள். 199க்கு அடுத்து 400, தலையில்லாத 6 இரண்டும் எப்போதும் அதேதான். சுற்றுக்கு 3, 4 ஏறுவதும், கிரைண்டர் போட்டால் தாவுவதும் நேரத்துக்கு ஒரு விதம். ஆக, ஒரே போர்டில் இரண்டு வகை வியாதி. இரண்டுக்கும் ஒரே மருந்தாக ஐ.சி. மாற்றியதால்தான் பலிக்கவில்லை.

நூறாம் இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். 74எல்எஸ்90 தன் எண்ணிக்கையை நான்கு கம்பிகளில் வெளியே தருகிறது: ஏ, பி, சி, டி. அவற்றின் மதிப்பு முறையே 1, 2, 4, 8. எந்தெந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கிறதோ அந்த மதிப்புகளைக் கூட்டினால் எண். 74எல்எஸ்47 அந்தக் கூட்டலைச் செய்து டிஸ்ப்ளேயில் எழுதுகிறது. இந்த நான்கும் எந்தக் கால்களில் இருக்கின்றன? 12, 11, 9, 8. நடுவில் 10 கிரவுண்டு. யாராக இருந்தாலும் 12 ஏ, 11 பி, 9 சி, 8 டி என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் 12 ஏ, 11 டி, 9 பி, 8 சி. இரண்டு இலக்கம் வரை படத்தைப் பார்த்துச் செய்தீர்கள், சரியாக வந்தது. மூன்றாவதை மனதிலிருந்து போட்டீர்கள், வரிசையாக இழுத்துவிட்டீர்கள்.

இது ஊகம் இல்லை, நீங்கள் எழுதிய எண்களே சொல்கின்றன. உள்ளே கவுண்டர் 2 என்று எண்ணும்போது பி கம்பி, அதாவது 9ஆம் கால், மட்டும் உயர்கிறது. உங்கள் இணைப்பில் அது 74எல்எஸ்47இன் சி காலுக்குப் போகிறது. சி என்றால் 4. ஆகவே 2 வரவேண்டிய இடத்தில் 4. உள்ளே 3 ஆனால் 5. உள்ளே 4 ஆனால் சி கம்பி உயர்ந்து 47இன் டி காலுக்குப் போய் 8 ஆகிறது. 5 ஆனால் 9. உள்ளே 6 ஆகும்போது 4ம் 8ம் சேர்ந்து 12. ஒன்பதுக்கு மேல் ஒற்றை இலக்கத்தில் எழுத எண் ஏது? 7447 வகைச் சில்லுகள் 12 வந்தால் டிஸ்ப்ளேயின் மேல்பாதியில் ஒரு சின்னக் கிண்ணத்தை வரையும். நீங்கள் பார்த்த கிண்ணம் அதுதான். அடுத்த புரியாத கோடு 13. பிறகு உள்ளே 8 ஆனால் வெளியே 2, 9 ஆனால் 3. 0, 1, 4, 5, 8, 9, கிண்ணம், கோடு, 2, 3. உங்கள் கடிதத்தில் இருப்பதும் இதே வரிசை. கவுண்டர் ஒரு எண்ணைக்கூடத் தவறாக எண்ணவில்லை, சொல்லும்போதுதான் உளறுகிறது.

மூன்று கம்பிகளை மாற்றினால் போதும். நூறாம் இலக்கத்து 74எல்எஸ்90இன் 9ஆம் காலை 74எல்எஸ்47இன் 1க்கும், 8ஆம் காலை 2க்கும், 11ஆம் காலை 6க்கும் கொண்டு போங்கள். 12 ஏற்கெனவே 7இல் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். 12க்கும் 1க்கும் நடுவே அந்த 90இலேயே போட்டிருக்கும் இணைப்பையும் விட்டுவிடுங்கள், அது இல்லாமல் பத்து வரை எண்ணாது. மாற்றியபின் சோதிக்க 200 சுற்றுச் சுற்ற வேண்டியதில்லை. பத்தாம் இலக்கத்தின் 11ஆம் காலிலிருந்து வரும் கம்பியை எடுத்துவிட்டு, ரீட் சுவிட்சின் சிக்னலை நேரே நூறாம் இலக்கத்தின் 14ஆம் காலுக்குக் கொடுங்கள். எண்கள் ஒழுங்காக ஏறுகின்றனவா என்று தெரிந்துவிடும்.

இதே 8, 11 குழப்பம் ஒரு இலக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் கம்பியில் நடந்தாலும் டிஸ்ப்ளே காட்டிக்கொடுக்கும். 11க்குப் பதில் 8ஆம் காலிலிருந்து எடுத்துவிட்டால் 07க்கு அடுத்து 18, 19 வந்து, பிறகு 10, 11 என்று போகும். 90 சில்லு மின்னழுத்தம் இறங்கும் கணத்தில் எண்ணுவது. டி கம்பி 9 முடிந்து 0 ஆகும்போது இறங்குகிறது, சி கம்பியோ 7 முடிந்து 8 ஆகும்போதே இறங்கிவிடுகிறது. இலக்கம் 9இலேயே உறைந்து நின்றால் 6, 7 கால்களைக் கிரவுண்டுக்கு இழுக்க மறந்திருப்பீர்கள். உங்களுக்கு இந்த இரண்டும் இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டு இன்னும் நாலு பேர் 7490ஐ எடுத்து உட்காருவார்கள் என்று தெரியும். அவர்களுக்கு இன்னொன்றும்: இந்தச் சில்லுக்குச் சப்ளை 5ஆம் காலில், கிரவுண்டு 10இல். பழக்கதோஷத்தில் 14க்கும் 7க்கும் கொடுத்துவிட்டு, ஏன் எண்ண மாட்டேன் என்கிறது என்று ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கே உண்டு.

தலையில்லாத 6, வாலில்லாத 9 பற்றி இரண்டே வார்த்தை: அது பழுது இல்லை. 7447 அப்படித்தான் எழுதும், அதன் கையெழுத்து அது. தலையும் வாலும் வேண்டும் என்றால் 74எல்எஸ்247 என்று ஒன்று இருக்கிறது, கால் அமைப்பு இதேதான், கழற்றி மாட்டிக்கொள்ளலாம். கடையில் சுலபமாகக் கிடைத்தால் பாருங்கள், இதற்காகச் சென்னை ரிச்சி தெரு வரை வரவேண்டாம். ஆனால் டிஸ்ப்ளே மூன்று வாங்கியதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த முறை டிஸ்ப்ளே மேல் சந்தேகம் வந்தால் 47இன் 3ஆம் காலை ஒரு கம்பியால் கிரவுண்டில் தொடுங்கள். ஏழு கோடும் எரிந்து 8 வரவேண்டும். வந்துவிட்டால் டிஸ்ப்ளே, ரெசிஸ்டர், 47இன் வெளியீடு மூன்றும் ஒரே தொடுதலில் சரி. அந்தக் காலை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

இனி மாறி மாறி வரும் தப்புகள். இங்கேதான் நீங்கள் எழுதிய அந்த 1.1 வோல்ட் வருகிறது.

சி-மாஸ் சில்லுகளிலும் ஆர்டுயினோவிலும் பழகியவர்கள் ஒரு காலை ‘கீழே’ வைக்க 10 கே (10,000 ஓம்) ரெசிஸ்டர் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். உங்கள் 74எல்எஸ் சில்லுகள் பிறந்த டிடிஎல் குடும்பத்தில் அது நடக்காது. எல்எஸ் சில்லின் இன்புட் காலைக் கீழே இழுத்தால் உள்ளேயிருந்து மின்சாரம் வெளியே வரும், கால் ஒன்றுக்கு அதிகபட்சம் 0.4 மில்லியாம்பியர். அந்த மின்சாரம் உங்கள் ரெசிஸ்டர் வழியாகத்தான் கிரவுண்டுக்கு இறங்க வேண்டும். இறங்கும்போது அதில் வோல்டேஜ் ஏறும். 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் சில்லு அதை ‘கீழே’ என்று உறுதியாக ஒப்புக்கொள்ளும்.

உங்கள் படத்தில் ரீசெட்டுக்கு 1 கே இருந்திருக்க வேண்டும், அதைத்தான் வைத்திருப்பீர்கள். இரண்டு சில்லு, ஒவ்வொன்றிலும் 2, 3 என்று இரண்டு ரீசெட் கால்கள், மொத்தம் நான்கு. நடைமுறையில் சில்லுகள் அந்த அதிகபட்சத்தை எட்டுவதில்லை என்பதால் வண்டி எப்படியோ ஓடியது. மூன்றாவது சில்லைச் சேர்த்ததும் ஆறு கால்கள். அவ்வளவு மின்சாரமும் அதே 1 கே வழியாகத்தான் போகவேண்டும். காலில் 1.1 வோல்ட் நிற்கிறது. அது மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, மதில்மேல் பூனை. பக்கத்துப் பட்டறைக் கிரைண்டரின் பொறி ஒரு சின்னத் தட்டுத் தட்டினால் பூனை ரீசெட் பக்கம் குதிக்கிறது, 000. இரண்டு இலக்கமாக இருந்தவரை ஓடியது என்று எழுதினீர்களே, மூன்றாவது இலக்கம் கெடுத்தது தன் இலக்கத்தை மட்டும் அல்ல.

1 கேயைக் கழற்றிவிட்டு 220 ஓம் போடுங்கள். ஆறு கால்களும் தம் உச்ச அளவான 2.4 மில்லியாம்பியரை ஒன்றாகக் கொட்டினாலும் 0.53 வோல்ட்தான் ஏறும். போட்டபின் மீட்டரில் அதற்கு மேல் காட்டினால் எங்கோ சால்டர் சரியில்லை. ரீசெட் பட்டனை அழுத்தும்போது 220 ஓம் வழியாக 23 மில்லியாம்பியர் போகும், அழுத்தும் நொடி மட்டும்தானே, பாதகமில்லை. எல்லா வேலைக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். ரீசெட் ஆடிக்கொண்டிருக்கும்போது வேறு எதைச் சோதித்தாலும் முடிவை நம்ப முடியாது.

அடுத்து சூடு. 5 வோல்ட்டில் டிஸ்ப்ளேயின் கோடு சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், 47 ஒரு 0.3. மிச்சம் 2.7 வோல்ட் 100 ஓமில் விழுந்தால் ஒரு கோட்டுக்கு 27 மில்லியாம்பியர். 74எல்எஸ்47இன் வரம்பே 24. 888 வரும்போது 21 கோடும் எரிந்து 570 மில்லியாம்பியரை நெருங்கும், சில்லுகளின் பங்கு வேறு. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபையர் தாண்டி 15 வோல்ட் ஆகிவிடும். அதில் 10 வோல்ட்டை 7805 தன் உடம்பில் எரிக்கிறது. 6 வாட். சின்ன சால்டரிங் அயர்னில் நாலில் ஒரு பங்கு அது, ஹீட்சிங்க் இல்லாத ஒரு துண்டு உலோகத்தில். சூடு எல்லை மீறினால் 7805 தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளியீட்டைக் குறைக்கும். அந்தக் கணத்தில் எண்கள் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. 11 ஆக இருக்கும்போது ஒழுங்காக இருந்து 88 பக்கம் போகும்போது கோளாறு செய்கிறதா என்று கவனியுங்கள்.

330 ஓமுக்கே திரும்பிவிடுங்கள். கோட்டுக்கு 8 மில்லியாம்பியர், எல்லாம் சேர்த்து கால் ஆம்பியருக்குள் அடங்கும். முடிந்தால் 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றி, 7805க்கு உள்ளங்கை அகல அலுமினியத் தகடு ஒன்றைத் திருகி வையுங்கள். வெளிச்சம் போதாது என்ற கவலைக்குக் கரண்டைக் கூட்டுவது மருந்து இல்லை. டிஸ்ப்ளே முன்னால் கருஞ்சிவப்பு அக்ரிலிக் துண்டு ஒன்றை வையுங்கள். எரியாத கோடுகளும் வெள்ளைப் பின்னணியும் இருட்டில் மறைந்து, எரியும் கோடு மட்டும் தெரியும். பஸ் ஸ்டாண்டு எதிரில் கடை வைத்திருப்பவருக்குக்கூட இது போதும்.

சப்ளை வேலையோடு வேலையாக, ஒவ்வொரு சில்லின் சப்ளைக் காலுக்கும் கிரவுண்டுக் காலுக்கும் நடுவே 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். 90க்கு 5, 10. 47க்கு 16, 8. கால்களை நறுக்கிச் சில்லை ஒட்டினாற்போல் வைக்கவேண்டும், போர்டின் ஓரத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து என்று கணக்குக் காட்டக் கூடாது. அப்புறம் ரீட் சுவிட்சின் கம்பி எப்படிப் போகிறது என்று பாருங்கள். மேசைக்கு அடியில் மெயின்ஸ் ஒயரோடு சேர்த்து டேப் சுற்றியிருந்தால் பிரியுங்கள். பல வருஷம் முன்னால் ஒரு நூற்பாலையில் நான் பொருத்திய கவுண்டர், எந்த மோட்டாரை நிறுத்தினாலும் ஒன்று கூடுதலாக ஏறும். மூன்று நாள், இரண்டு போர்டு மாற்றினேன். கடைசியில் பார்த்தால் சென்சார் கம்பியும் மோட்டார் கேபிளும் ஒரே தகரக் குழாயில் தோள்மேல் கை போட்டுப் போய்க்கொண்டிருந்தன. சென்சார் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, தனி வழியாகக் கொண்டு வாருங்கள்.

இவ்வளவும் ஆனபின் பாக்கியிருப்பது சுற்றுக்கு 3, 4 ஏறும் விஷயம். உங்கள் தொழிலுக்கு இதுதான் முக்கியம். 200 சுற்றென்று நம்பி 150இல் நிறுத்திய காயில் மோட்டாருக்குள் போனால் கரண்ட் அதிகம் இழுத்துக் கருகும், வாடிக்கையாளர் உங்கள் வாசலில் நிற்பார்.

எவர்சில்வர் தட்டு கைதவறித் தரையில் விழுந்தால் ஒரே சத்தத்தோடா நிற்கிறது? டண் என்று விழுந்து, டடடட என்று துள்ளித்தான் அடங்கும். ரீட் சுவிட்சுக்குள் இருக்கும் இரண்டு நாக்குகளும் அப்படித்தான் மூடுகின்றன. துள்ளல் பெரும்பாலும் ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும், நம் கண்ணுக்கும் காதுக்கும் அது ஒரே மூடல். 74எல்எஸ்90 நொடிக்கு 3 கோடி துடிப்பு வரை எண்ணும் சில்லு. அதற்கு ஒவ்வொரு துள்ளலும் தனித் துடிப்பு, நேர்மையாக எண்ணிவிடுகிறது. உங்கள் நண்பர் சொல்லும் ஆர்டுயினோவை வைத்தாலும் இதே ரீட் சுவிட்ச் இதே மாதிரிதான் துள்ளும். புரோகிராமில் நாலு வரி எழுதி அடக்கலாம். நீங்கள் நாலு பொருள் போட்டு அடக்கப் போகிறீர்கள். எண்பது சதவீதம் முடிந்த போர்டைத் தூக்கிப் போட இது காரணம் இல்லை.

74எல்எஸ்14 என்ற ஷ்மிட் டிரிகர் சில்லு ஒன்று வாங்குங்கள் (ஐ.சி. வாங்காதீர்கள் என்று சொன்னவன்தான், இது ஒன்றுக்கு விதிவிலக்கு). அதன் 14ஆம் காலுக்குச் சப்ளை, 7க்குக் கிரவுண்டு. 1ஆம் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கே. அதே 1ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மைனஸ் முனை கிரவுண்டில். ரீட் சுவிட்சின் ஒரு முனை கிரவுண்டுக்கு, மறுமுனை 100 ஓம் வழியாக 1ஆம் காலுக்கு. 2ஆம் காலிலிருந்து ஒன்றாம் இலக்கத்து 90இன் 14ஆம் காலுக்கு. பழைய நேரடி இணைப்பை எடுத்துவிடுங்கள். 74எல்எஸ்14இல் பயன்படாத இன்புட் கால்களைக் கிரவுண்டில் கட்டிவிடுங்கள்.

சுவிட்ச் முதல் முறை தொட்டதுமே கெப்பாசிட்டர் காலியாகிறது. துள்ளி விலகினால் மறுபடி நிரம்பவேண்டுமே, 10 கே வழியாக மெல்லத்தான் நிரம்பும். ஷ்மிட் டிரிகர் ‘மேலே’ என்று ஒப்புக்கொள்ளும் 1.6 வோல்ட்டை எட்ட எட்டரை மில்லிசெகண்டு ஆகும். அதற்குள் நாக்கு துள்ளி முடித்து அடங்கிவிடும். அந்த 100 ஓமை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கெப்பாசிட்டரில் இருப்பதெல்லாம் ஒரே பாய்ச்சலாக நாக்குகள் வழியாக இறங்கி, ஒருநாள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வேகத்தைப் பற்றியும் பயம் வேண்டாம். கையால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நொடிக்கு மூன்று, நாலு சுற்று. சுற்றுக்கு 250 மில்லிசெகண்டுக்குக் குறையாது.

இதன் பிறகு ஒருவேளை சுற்றுக்குச் சரியாக இரண்டு, எப்போதும் இரண்டு ஏறினால், மறுபடி நம் பழைய விதிதான். அதே தப்பு திரும்பத் திரும்ப வருகிறது, ஆகவே அது துள்ளல் இல்லை, அமைப்பு. காந்தத்தின் ஒரு முனை சுவிட்சைப் பார்த்தபடி, கண்ணாடிக் குழாயின் நீளவாக்கில் கடந்து போனால், ஒரு நுனியருகே ஒருமுறை மூடி, நடுவே வந்ததும் திறந்து, மறுநுனியருகே இன்னொரு முறை மூடும். குழாயை 90 பாகை திருப்பி, காந்தம் அதைக் குறுக்கே, ஒரு நுனியருகில் கடந்து போகும்படி வைத்தால் ஒரே மூடல்தான்.

காந்தம் வைக்கும் இடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு, சர்க்யூட் படம் எதிலும் இருக்காது. காயிலைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் உங்கள் கை தன்னையறியாமல் கைப்பிடியை ஒரே இடத்தில்தான் நிறுத்தும், பெரும்பாலும் கீழே. கம்பியை வெட்ட, டேப் சுற்ற என்று அங்கே வைத்து முன்னும் பின்னும் ஆட்டுவீர்கள். சரியாக அந்த இடத்தில் காந்தமும் சுவிட்சும் சந்தித்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு எண் ஏறும், அதை எந்தக் கெப்பாசிட்டரும் தடுக்காது. கைப்பிடி மேலே வரும்போது அவை சந்திக்கும்படி தட்டைத் திருப்பிப் பொருத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் தட்டில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, வாயால் எண்ணியபடி மெதுவாக 100 சுற்று. ரீசெட் செய்துவிட்டு உங்களால் முடிந்த வேகத்தில் இன்னொரு 100. இரண்டு முறையும் 100 காட்டினால் தாமிரக் கம்பியை மாட்டலாம். மெதுவாகச் சுற்றும்போது கூடினால் 2.2க்குப் பதில் 4.7 மைக்ரோஃபாரட் போடுங்கள். வேகமாகச் சுற்றும்போது குறைந்தால் காந்தம் சுவிட்சிலிருந்து தள்ளி இருக்கிறது, ஒரு நூல் கிட்டே கொண்டு வாருங்கள். பக்கத்துப் பட்டறைக்காரரிடம் சொல்லி, நீங்கள் எண்ணும் நேரம் கிரைண்டரையும் நாலு முறை போட்டுப் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு குறை மட்டும் இந்த டிசைனோடு பிறந்தது. சுற்று பிசகிவிட்டதென்று பின்னால் பிரித்தால், பழைய மெக்கானிக்கல் கவுண்டர் எண்ணைக் குறைக்கும்; இது அப்போதும் கூட்டிக்கொண்டேதான் போகும், 7490க்கு ஏறத்தான் தெரியும், இறங்கத் தெரியாது. ஏறவும் இறங்கவும் தெரிந்தது 74எல்எஸ்192. அதற்குத் திசையைச் சொல்ல இரண்டு சுவிட்ச் வேண்டும், போர்டையும் புதிதாகத்தான் செய்யவேண்டும். அதுவரை மூன்று சுற்றுப் பிரித்தால் டிஸ்ப்ளேயில் ஆறு கூடுதல் என்று கழித்துக்கொள்ளுங்கள்: பிரிக்கும்போது ஏறிய மூன்று, மறுபடி சுற்றும்போது ஏறும் மூன்று.